ஸ்காபரோவில் இருந்து கிளிநொச்சிக்கு: ஒரு பழைய பயனியர் ரிசீவரோடு 16 நாள்

முதலாம் நாள், ஸ்காபரோ

கனடா, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்த பயனியர் எஸ்.எக்ஸ்-780 ஐ இன்று பார்த்து முடித்தாயிற்று. 1978 இல் வந்த ஸ்டீரியோ ரிசீவர், அதாவது வானொலியும் அம்பிளிபயரும் ஒரே பெட்டியில். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இடது, வலது என்று பக்கத்துக்கு 45 வாட். எடை 13 கிலோ அளவில். போக வேண்டிய இடம் கிளிநொச்சி.

இப்படி ஒன்றை ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் முதலில் கேட்பது "பாடுதா?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: பழுதானால் வன்னியில் இருந்துகொண்டு எதை மாற்றலாம், எதை மாற்றவே ஏலாது? கப்பாசிற்றர், ரான்சிஸ்ரர், பல்ப், பியூஸ், ஸ்பீக்கர் ரிலே (ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் மின் சுவிட்ச்) எல்லாம் தேடினால் கிடைக்கும். ரான்ஸ்போமர், முகப்புத் தகடு, டயல் கண்ணாடி, ரியூனிங் கப்பாசிற்றர், குமிழ்கள் கிடைக்காது. இன்னொரு செத்த ரிசீவரில் இருந்து கழற்றினால்தான் உண்டு. ஆகவே ஒரு பக்கம் சத்தம் வராத, ஆனால் முகப்புச் சுத்தமாக உள்ள பெட்டி நல்ல பெட்டி. அருமையாகப் பாடுகிற, டயல் கண்ணாடி வெடித்த பெட்டி வேண்டாம்.

எஸ்.எக்ஸ்-780 இல் தனியாகப் பார்க்க வேண்டியது எஸ்.ரி.கே-0050. பக்கத்துக்கு ஒன்று வீதம் இரண்டு. தனித்தனி ரான்சிஸ்ரர்களுக்குப் பதிலாக வெளியீட்டுப் பகுதி முழுவதையும் ஒரே கட்டியில் அடக்கிய பாகம் இது. உற்பத்தி நின்று கனகாலம். இப்போது விற்பனைக்கு வருபவற்றில் போலி நிறைய. அதனால் இரண்டு பக்கமும் உயிரோடு இருப்பதை விற்பவர் வீட்டிலேயே உறுதிசெய்ய வேண்டும்.

செய்த சோதனை இது. ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, ஒலியைப் பூச்சியத்தில் வைத்து ஓன் பண்ணினால் சில செக்கனில் ரிலே "டிக்" என்று விழ வேண்டும். விழாவிட்டால் வெளியீட்டில் நேர்மின்னோட்டம் நிற்கிறது, அல்லது பாதுகாப்புச் சுற்றே பழுது. விழுந்த பிறகு மல்ரிமீற்றரை டி.சி. மில்லிவோல்றில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். 50 மில்லிவோல்றுக்குக் கீழே நின்றால் பயமில்லை. இதில் இடது 18, வலது 31. ஒலிக் குமிழைத் திருப்பும்போது கரகரத்தது, ஒரு டயல் பல்ப் எரியவில்லை. இரண்டும் சின்ன வேலை.

பின்பக்கத் தகட்டில் "120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ்" என்று மட்டும்தான் இருக்கிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்ற பெட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான்: ரான்ஸ்போமரில் சுவர் மின் வந்து சேரும் முதன்மைச் சுற்றுக்கு இரண்டே வயர், 230 க்கு மாற்றிக் கட்ட வழியில்லை. வேறு நாடுகளுக்குப் போன பல பெட்டிகளில் பின்னால் வோல்ற் தெரிவு சுவிட்ச் இருக்கும். ஐரோப்பாவிலோ வளைகுடாவிலோ உறவுகள் இருந்தால் அங்கே தேடுவது புத்தி. யப்பான் உள்ளூர்ப் பெட்டியை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். அது 100 வோல்ற், எஃப்.எம். டயலோ 76 இல் தொடங்கி 90 உடன் முடிந்துவிடும். எங்கள் நிலையங்கள் 88 இலிருந்து 108 மெகாஹேர்ட்ஸ் வரை.

இரண்டாம் நாள், ஸ்காபரோ

பொதி கட்டும் நாள். ஊரில் செய்யப்போகும் திருத்தத்தை விட இதில்தான் பெட்டி பிழைக்கிறதும் சாகிறதும்.

முதலில் குமிழ்கள். முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் ரியூனிங் குமிழில் அடி விழுந்தால் அதன் தண்டு வளையும், டயல் நூல் கழரும். ஆகவே குமிழ்களை எல்லாம் கழற்றி ஒரு பையில் போட்டு, அந்தப் பையைக் கைப்பொதியில் வைத்தாயிற்று. சில குமிழ் நேரே இழுத்தால் வரும், சிலதுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்குரூ இருக்கும். அசையாததைப் பிடித்து இழுக்காமல் முதலில் ஸ்குரூவைத் தேடுங்கள். முகப்பு முழுவதற்கும் 3 மில்லிமீற்றர் மெல்லிய நுரைத்தாள், அதன் மேல் அதே அளவில் வெட்டிய பிளைவூட் பலகை.

அடுத்தது கால்கள். அடியில் உள்ள நான்கு பிளாஸ்ரிக் காலிலும் முழுப் பாரத்தையும் விட்டால், பெட்டி ஒருக்கால் தொப்பென்று விழும்போது கால்கள் அடித்தகட்டைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். அதற்கு அடி நுரையில் நான்கு குழி வெட்ட வேண்டும். கால்கள் குழிக்குள் தொங்க, பாரம் தகட்டின் விளிம்பில் உட்கார வேண்டும். ரான்ஸ்போமர் ஒரு பக்கத்தில் இருப்பதால் அந்தப் பக்கத்து நுரை அடர்த்தியானதாக இருக்கட்டும். பிறகு தடித்த பொலித்தீன் பையில் இட்டு, சிலிக்கா ஜெல் நாலைந்து போட்டு வாயை ஒட்டி, உள்பெட்டி, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 சென்ரிமீற்றர் கட்டி நுரை, வெளிப்பெட்டி. கடலைக்கோது மாதிரி உதிரி நுரை வேண்டாம். பயணத்தில் அது ஒதுங்கிவிடும், கனமான பக்கம் மட்டையைத் தொடும்.

வெளிப்பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்ரிமீற்றருக்குள் நிற்க வேண்டும். எடை, ஒரு பொதிக்கு 23 கிலோ தரும் ரிக்கெற் என்றால் அதற்குள். எங்களது 17 கிலோவில் நின்றது. மிச்ச இடத்தில் பாகங்கள்: நிச்சிக்கோன், பனசோனிக் கப்பாசிற்றர்கள் (எல்லாம் 105 பாகை சூடு தாங்கும் வகை), கே.எஸ்.ஏ-992, கே.எஸ்.சி-1845 ரான்சிஸ்ரர் இருபது இருபது, 8 வோல்ற் பியூஸ் வடிவப் பல்ப் ஆறு, வெப்பப் பசை ஒரு குழாய். கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பாகம் வாங்கலாம். ஆனால் கப்பாசிற்றர் மட்டும் பெயருள்ள விநியோகஸ்தரிடம் வாங்கிக்கொண்டு போவதே நல்லது. வெளியுறையில் பெரிய எண் அச்சிட்டு உள்ளே சின்னதை வைத்த போலிகள் பல ஊர்களிலும் உலாவுகின்றன.

தொடுமுனை துப்புரவாக்கும் ஸ்பிரே ரின்னைப் பொதியில் வைக்காதீர்கள். தீப்பற்றும் ஏரோசோல், விமானத்தில் தடை. சோல்டரிங் அயர்ன் ஒப்படைக்கும் பொதியில் போகலாம்.

நான்காம் நாள், கட்டுநாயக்க

கைப்பொதியாகக் கொண்டுவர ஏலாது, விமானத்துக்குள் அனுமதி வழமையாக 7 கிலோ. பெல்ற்றில் பெட்டி தலைகீழாகத்தான் வந்தது. மேலே ஒட்டிய அம்புக்குறிகளை யாரும் பார்ப்பதில்லை, ஆகவே எந்தப் பக்கம் விழுந்தாலும் தாங்கும் மாதிரிக் கட்ட வேண்டும்.

சுங்கத்தில் பொருளை அறிவிப்பவர்களுக்கான சிவப்பு வழியால் போங்கள். வாங்கிய பற்றுச்சீட்டு, உள்ளேயும் வெளியேயும் எடுத்த படம், பழைய பாவித்த பொருள் என்று தெரியும் விவரம் மூன்றும் கையில் இருந்தால் பேச்சு குறையும். இது ஒலிபரப்பும் கருவி இல்லை, வாங்கிக் கேட்கும் கருவி மட்டும் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் நாள், ஏ-9

நீர்கொழும்பு, புத்தளம், அனுராதபுரம், மதவாச்சி, வவுனியா. வானில் பெட்டியை வைக்க வேண்டிய இடம் நடு இருக்கை, பட்டி போட்டு இறுக்கி. பின் சில்லுக்கு மேலே உள்ள இடம் வசதியாகத் தெரியும், ஆனால் குலுக்கல் முழுவதும் அங்கேதான்.

ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் தாண்டினால் கொக்காவில் கோபுரம். 174 மீற்றர் உயரம், 2011 இல் திறந்தது. ரிசீவர் கொண்டுவருகிறவர் இதைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும், எஃப்.எம். அன்ரனாவை எந்தத் திசைக்குக் கட்டுவது என்பதை இதுதான் தீர்மானிக்கும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லா வாகனமும் போல நின்று, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம்.

ஏ-9 காப்பெற் றோட்டு, அதில் பயமில்லை. அதை விட்டு இறங்கிய பிறகு வரும் கடைசி 4 கிலோமீற்றர் கிறவல் றோட்டுத்தான் வில்லங்கம். கிறவலில் விழும் அலை அலையான மேடு இரும்பையே நடுங்க வைக்கும். சோல்டர் மூட்டுகள் வெடிப்பதும் ரான்ஸ்போமர் ஸ்குரூ தளர்வதும் இப்படியான நடுக்கத்தில்தான். "மெல்லமாப் போங்கோ அண்ணை, கண்ணாடிச் சாமான்" என்று சொல்லி முதலாம் கியரில் விட்டாயிற்று.

ஆறாம் நாள், கிளிநொச்சி

இன்று எதுவும் செய்யவில்லை. அதுவும் வேலைதான்.

குளிர்ந்த விமான வயிற்றில் இருந்தும் ஏ.சி. வானில் இருந்தும் வந்த இரும்பை, வன்னி வெக்கையில் உடனே திறந்தால் அதன் மேல் நீர்த்துளி படியும். பொலித்தீன் பையைத் திறக்காமல் 24 மணித்தியாலம் விட்டால், ஈரம் பைக்கு வெளியில்தான் படியும். பெட்டியைச் சீமெந்து நிலத்தில் வைக்காதீர்கள், மேசை மேல் வையுங்கள். இரண்டு இரவில் கறையான் மட்டையின் அடியைத் தின்றுவிடும்.

ஏழாம் நாள்

திறப்பு. கரண்டில் செருகுவது இல்லை, பார்ப்பது மட்டும். மேல் மூடியைக் கழற்றி, கையால் எதையும் தொட முதல் நாற்பது ஐம்பது படம். எந்த வயர் எந்த முனையில் என்பதை மூளை நினைவு வைத்திருக்காது.

ரான்ஸ்போமரின் நான்கு ஸ்குரூவில் ஒன்று கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. பவர் சப்ளைப் பலகையில் இரண்டு சின்ன கப்பாசிற்றரின் அடியில் கபில நிறத்தில் காய்ந்த ஒன்று தெரிந்தது. பலர் இதைக் கப்பாசிற்றர் கசிந்தது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் இது தொழிற்சாலையில் பாகம் ஆடாமல் ஒட்டிய பசை. புதிதில் மஞ்சளாக இருக்கும், சூட்டில் கபிலமாகி, ஈரத்தை இழுத்து, மெல்ல மின்னைக் கடத்தத் தொடங்கும், பக்கத்துப் பாகத்தின் காலையும் அரிக்கும். மரக்குச்சியால் சுரண்டி, ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைக்க வேண்டும்.

டயல் கண்ணாடியைத் துடைக்க எல்லோருக்கும் கை துடிக்கும். எழுத்தும் எண்ணும் அச்சிட்டது கண்ணாடியின் உள்பக்கத்தில். அதில் அற்ககோலோ கண்ணாடி துடைக்கும் நீல நீரோ பட்டால் 88, 92, 96 எல்லாம் துணியோடு வந்துவிடும். வெளிப்பக்கம் மட்டும் ஈரத்துணி. உள்பக்கத்துக்கு மெல்லிய மயிர்த் தூரிகை, அதுவும் காய்ந்தபடி.

எட்டாம் நாள்

மின் பிரச்சினை. 120 வோல்ற் பெட்டியை நேரே 230 இல் செருகினால், உள்ளே வரும் வோல்ற் எல்லாம் இரட்டிப்புக்குக் கிட்டப் போகும். கப்பாசிற்றர் வெடிக்கும், எஸ்.ரி.கே இரண்டும் போகும், ரான்ஸ்போமர் பிழைத்தால் அதிர்ஷ்டம். வீட்டில் யாரும் தெரியாமல் செருகிவிடாதபடி, இந்த ரிசீவரின் தட்டைப் பின் பிளக்குக்கு மாற்று அடப்ரர் எதையும் வீட்டில் வைக்கவே கூடாது. 230 ஐக் குறைத்துத் தரும் படியிறக்கு ரான்ஸ்போமரின் சொக்கெற் ஒன்றில்தான் அது போக வேண்டும்.

படியிறக்கு ரான்ஸ்போமர் வாங்கும்போது 500 வி.ஏ. (வோல்ற்-அம்பியர்) எடுங்கள். 230 பக்கத்துப் பிளக்கில் 3 அம்பியர் பியூஸ். வெளியீடு 120 ஐ விட 110 தான் நல்லது, காரணம் ஹேர்ட்ஸ். ரான்ஸ்போமரின் இரும்புக்குள் ஓடும் காந்தப் பாயம், வோல்றை ஹேர்ட்ஸால் பிரித்த அளவைப் பொறுத்தது. கனடாவில் 120 ஐ 60 ஆல் பிரித்தால் 2. இங்கே 120 ஐ 50 ஆல் பிரித்தால் 2.4, அதாவது 20 வீதம் கூட. இரும்பு நிரம்பும், சுடும், முனகும். 110 என்றால் 2.2. சரியாக 2 வர வேண்டுமானால் 100 வோல்ற், ஆனால் அப்போது உள்ளே உள்ள ரெகுலேற்றர்களுக்கு மூச்சு முட்டலாம். 110 இல் பக்கத்துக்கு 45 வாட் என்பது 38 அளவுக்கு இறங்கும். காதுக்குத் தெரியாத வித்தியாசம், அந்த விலை கொடுக்கலாம்.

இலங்கையில் 230 இலிருந்து 6 வீதம் மேலேயும் கீழேயும் அனுமதி, அதாவது 216 இலிருந்து 244 வரை. நள்ளிரவில் பாவனை குறைந்து 244 க்கு ஏறினால் படியிறக்கு வெளியீடு 117 ஆகும். "110" என்று ஒட்டிய தாளை நம்பாமல், மாலை 7 மணிக்கும் இரவு 12 மணிக்கும் அளந்து பாருங்கள். ரிசீவரின் பின்பக்கத்தில் உள்ள உபரி மின் சொக்கெற்றுகளில் வருவதும் இந்த 110 தான். அதில் உள்ளூர்ச் சாமான் எதையும் செருக வேண்டாம்.

ஒன்பதாம் நாள்

முதல் உயிர்ப்பு. உள்ளே பழுது இருந்தாலும் மின் அளவுக்கு மிஞ்சிப் பாயாதபடி, 100 வாட் குண்டு பல்ப் ஒன்றை 230 பக்கத்தில், படியிறக்குக்கு முன்னால் தொடராக இணைக்க வேண்டும். எல்.ஈ.டி. பல்ப் சரிவராது, இழை உள்ள பழைய பல்ப்தான். இந்தப் பல்பை 110 பக்கத்தில் போட்டால் அது 30 வாட் பல்ப் போல நின்று, நல்ல பெட்டிக்கும் மின் போதாமல் பண்ணிவிடும்.

ஸ்பீக்கர் இல்லை, ஒலி பூச்சியம். சுவிட்சைப் போட்டதும் பல்ப் பளிச்சென்று ஒரு கணம் எரிந்து, பெரிய கப்பாசிற்றர்கள் நிறைந்ததும் மங்கி, இழை செம்மஞ்சளாக மட்டும் தெரிந்தது. அப்படித்தான் வர வேண்டும். முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே எங்கோ குறுக்குச் சுற்று, உடனே நிற்பாட்ட வேண்டும். டயல் விளக்குகளும் மின் எடுப்பதால் பல்ப் முற்றாக அணையாது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அரை மணித்தியாலம் அப்படியே விட்டு, பிறகு பல்ப் இல்லாமல். ரிலே விழுந்தது. இடது 20, வலது 38 மில்லிவோல்ற்.

போர்க்காலத்தில் கரண்ட் இல்லாமல், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் செய்தி கேட்ட ஊர் இது. டயலின் வெளிச்சம் மெல்ல ஏறி வந்தபோது அறையில் நின்ற எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

பத்தாம் நாள் முதல் பதின்மூன்றாம் நாள் வரை

ஒரு நாளைக்கு ஒரு பலகை. இதை மீறினால், பிழை எங்கே வந்தது என்று கண்டுபிடிக்க ஏலாது. ஒவ்வொரு பலகை முடிந்ததும் மறுபடி தொடர் பல்ப், மறுபடி மில்லிவோல்ற்.

கைவைக்க முதல் பெரிய கப்பாசிற்றர்களை வெறுமையாக்க வேண்டும். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்ரரை முனைகளுக்குக் குறுக்கே ஒரு நிமிடம் பிடித்தால், 10,000 மைக்ரோஃபரட் என்றாலும் வடிந்துவிடும். ஸ்குரூட்றைவரால் குறுக்கே தட்டுவது வேண்டாம், பொறி பறக்கும், முனை உருகும்.

வரிசை: பவர் சப்ளை, பாதுகாப்புச் சுற்று, அம்பிளிபயர், ரோன் பகுதி. கப்பாசிற்றரில் வோல்ற் பழையதற்குச் சமம் அல்லது கூட, மைக்ரோஃபரட் சமம் அல்லது 20 வீதம் வரை கூட. ஒன்றைக் கழற்றி, ஒன்றைப் போட்டு, மறைப் பக்கக் கோட்டைப் பார்த்த பிறகே அடுத்தது. ரெகுலேற்றர் ரான்சிஸ்ரர்களின் காலடியில் சோல்டர் வளையமாக வெடித்திருந்தது. 47 வருடம் சூடாகி ஆறியதன் தழும்பு. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புதிதாகப் பிடித்தாயிற்று.

இந்தக் காலத்துப் பயனியர்களில் 2எஸ்.ஏ-726 என்ற சின்ன ரான்சிஸ்ரர் வந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். வயதாக வயதாக மழை தூறுகிற மாதிரி ஒரு இரைச்சலும் இடைக்கிடை "படக்" என்ற சத்தமும் அதில்தான் பிறக்கும். பதிலுக்கு கே.எஸ்.ஏ-992. கால்களின் ஒழுங்கைத் தரவுத்தாளில் பார்த்த பிறகே ஈயம் பிடிக்க வேண்டும், பலகையில் உள்ள வடிவத்தைப் பார்த்து அல்ல. ஒரு பக்கத்தில் மாற்றினால் மறுபக்கத்திலும் மாற்ற வேண்டும்.

எஸ்.ரி.கே இரண்டின் அடியில் இருந்த வெள்ளைப் பசை சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. கழற்றி, துடைத்து, புதுப் பசை கடதாசித் தடிப்புக்கு. கனக்கப் பூசினால் அதுவே சூட்டை மறிக்கும். ரிலேயின் தொடுமுனைக்கு அரத்தாள் போடவே கூடாது, வெள்ளிப் பூச்சுப் போய்விடும். அற்ககோலில் நனைத்த தபால் அட்டைத் துண்டை முனைகளுக்கு நடுவே விட்டு இழுத்தால் கறுப்பு வரும், கறுப்பு வராத வரைக்கும் இழுங்கள். ஒலிக் குமிழுக்குள் துப்புரவு ஸ்பிரே இரண்டு சொட்டு, இந்தக் கோடி அந்தக் கோடியாக 30 தரம். சைக்கிள் செயினுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை இதற்குள் அடித்துக் கெட்ட பெட்டிகள் அனேகம்.

ரியூனர் பலகையில் உள்ள நிறம் நிறமான சின்னச் சுருள் மூடிகளைத் திருகாதீர்கள். கருவி இல்லாமல் அரைச் சுற்றுத் திருகினாலும் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியாது.

பதினான்காம் நாள்

எஃப்.எம். எடுத்தது, ஆனால் மூடிய மாதிரி ஒலித்தது. பழுது இல்லை. வட அமெரிக்காவில் எஃப்.எம். உயர் சுருதியைத் தணிக்கும் நேரமாறிலி 75 மைக்ரோசெக்கன், எங்கள் பக்கம் 50. 75 க்குச் செய்த பெட்டி இங்கே 10 கிலோஹேர்ட்ஸில் 3 டெசிபெல்லுக்கு மேல் குறைத்துவிடும். சேவைக் கைநூலின் சுற்று வரைபடத்தில் ஸ்டீரியோ பிரிக்கும் பகுதிக்குப் பின்னால், இதற்கென்று பக்கத்துக்கு ஒரு கப்பாசிற்றர் இருக்கும். அதன் பெறுமானத்தை மூன்றில் இரண்டாக்கினால் சரி: 0.015 இருந்தால் 0.01. இரண்டு கப்பாசிற்றர், இருபது நிமிட வேலை. தாளமும் சலங்கையும் திரும்பி வந்தன.

அன்ரனாவுக்கு 300 ஓம் நாடாவயர் 1.46 மீற்றர், நடுவில் இருந்து இறக்கம். இருமுனை அன்ரனா அகலப் பக்கமாகத்தான் வாங்கும். கிளிநொச்சி நகரில் இருந்து கொக்காவில் தெற்கே, ஆகவே நாடாவைக் கிழக்கு மேற்காக இழுத்துக் கட்டினோம். மத்திய அலையில் நிலையத்தை விட இரைச்சல்தான் கூட. வீட்டில் சோலார் சார்ஜரையும் எல்.ஈ.டி. விளக்குகளையும் அணைத்த பிறகு பாதி குறைந்தது.

பதினாறாம் நாள்

மூடி போட்டு இரண்டு மணித்தியாலம் பாட விட்டுச் சோதனை. பகல் வெக்கையில் வெப்பத் தகட்டில் கைவைத்து ஐந்து செக்கன் பொறுக்க முடிந்தது, அதற்கு மேல் சுட்டால் ஓய்வு மின்னோட்டத்தை (பாட்டு இல்லாதபோதும் வெளியீட்டுப் பகுதியில் ஓடுவது) கைநூல் அளவுக்கு மீண்டும் பார்க்க வேண்டும். மேலே 10 சென்ரிமீற்றர் வெளி விட்டாயிற்று. பெட்டி மேல் பின்னல் துணி விரித்துச் சாமிப் படம் வைக்கும் வழக்கத்தை இதற்கு விட்டுவிடுங்கள், காற்றுத் துவாரம் எல்லாம் அங்கேதான். சுவரில் இருந்தும் ஒரு கை தள்ளி, பல்லி சுவரால் நேரே உள்ளே இறங்காதபடி.

இரணைமடுப் பக்கம் இடி கேட்டால் நிற்பாட்டினால் மட்டும் போதாது. படியிறக்கின் பிளக்கைச் சுவரில் இருந்து உருவ வேண்டும், அன்ரனா நாடாவையும் பின்னால் இருந்து கழற்ற வேண்டும். கழற்ற இலகுவாக நாடாவின் நுனியில் வாழைப்பழ பிளக் இரண்டு பிடித்தாயிற்று. வலது பக்கம் இப்போது 22 மில்லிவோல்ற்.